வாசகர் கேள்வி பதில்: தாத்தா பெட்டியில் ஒரு மேசன் புத்தகம்

கேள்வி: ஐயா, எங்கள் தாத்தா பழைய சேலம் ஜில்லாவில் ரெவின்யூ உத்தியோகத்தில் இருந்தவர். மாதம் ஒருமுறை பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்குக் கறுப்பு கோட் போட்டுக்கொண்டு போவார், எதற்கு என்று பாட்டிக்கே தெரியாதாம். போன மாதம் பழையபேட்டை வீட்டைப் பிரித்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியில் உள்ளங்கை அளவில், நீலத் துணி அட்டை போட்ட ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் சடங்குப் புத்தகம் என்கிறான் பையன். எழுதியவர் பெயர் இல்லை. வருடம் இருந்த இடத்தைப் பூச்சி அரித்துவிட்டது. பல இடங்களில் சொல்லுக்குப் பதிலாக வெறும் புள்ளிகள். ‘ஜே.டி.’ என்று வரும் வரிகளுக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலில் டிக் அடித்திருக்கிறார். கடைசியில் ராஜாவுக்கு வாழ்த்து. இது எந்தக் காலத்தது, எழுதியது யார்?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: காலத்தைக் கண்டுபிடிப்பது சுலபம், அதை முதலில் முடித்துவிடலாம். ராஜாவுக்கு வாழ்த்து என்கிறீர்களே, அது போதும். விக்டோரியா 1901 ஜனவரியில் இறக்கும்வரை வாழ்த்து ராணிக்குத்தான். 1952 பிப்ரவரியில் எலிசபெத் பட்டத்துக்கு வந்ததும் மறுபடி ராணி, 2022ல் அவர் இறக்கும்வரை. ஆக உங்கள் புத்தகம் இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் அச்சானது. விக்டோரியாவுக்கு முன்னாலும் ராஜாக்கள் இருந்தார்களே என்று கேட்கலாம். அப்போது இந்த மாதிரிப் புத்தகம் விற்பனைக்கே கிடையாது, ஏன் என்று மூன்றாவது கேள்வியில் வருகிறது. இன்னொரு அடையாளமும் சொல்லிவைக்கிறேன், வேறு யாராவது இதுபோல் கண்டெடுத்தால் உதவும்: சத்தியப் பிரமாணத்துக்குள்ளேயே தொண்டையை அறுப்பது மாதிரியான தண்டனைகள் எழுதியிருந்தால் அது பழைய பாடம். இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் (லாட்ஜ் என்பது மேசன்கள் கூடும் கிளை, கிராண்ட் லாட்ஜ் அவற்றுக்குத் தலைமை) 1986ல் அந்த வரிகளைப் பிரமாணத்திலிருந்து எடுத்துவிட்டது.

ஜே.டி. என்பது ஜூனியர் டீக்கன். சங்கத்தில் ஒருவரை மூன்று படிகளாகச் சேர்ப்பார்கள், படிக்கு ஒரு சடங்கு. புதிதாகச் சேருகிறவரைக் கண்ணைக் கட்டித்தான் உள்ளே கூட்டி வருவார்கள். முதல் படிச் சடங்கு முழுக்க அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், சொல்ல வேண்டிய பதிலைக் காதோரம் எடுத்துக்கொடுப்பது இவர் வேலை. இரண்டாம், மூன்றாம் படிகளில் அந்தப் பொறுப்பு சீனியர் டீக்கனுக்குப் போய்விடும். டிக் எல்லாம் முதல் படியில் நெருக்கமாகவும் மற்ற இரண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் இருந்தால், தாத்தா அந்த வருஷம் ஜூனியர் டீக்கனாக இருந்து தன் பாகத்தை மனப்பாடம் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். எடுத்துப் பாருங்கள்.

எழுதியவருக்கு வருவோம். பெயர் இல்லாதது அச்சகத்தின் கவனக்குறைவு இல்லை, போடுவதற்குப் பெயரே கிடையாது. இது வாய்ப்பாடமாக வளர்ந்த சடங்கு. ஸ்காட்லாந்தில் ராஜாவின் கட்டட வேலைகளுக்குத் தலைவராக இருந்த வில்லியம் ஷா என்பவர் 1598லும் 1599லும் கல்தச்சர்களுக்கு (மேசன் என்ற சொல்லுக்கே அர்த்தம் அதுதான்) எழுத்தில் விதிகள் போட்டார். இரண்டாவது முறை போட்ட விதிகளில், தொழிலாளியை ‘நினைவுக் கலையில்’ சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கிறது. கல் உடைக்கிறவனுக்கு நினைவில் என்ன பரீட்சை? மனதில் வைத்துக்கொள்ள அவர்களிடம் ஏதோ இருந்திருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் அந்த வரியை இத்தனை தடவை திருப்பித் திருப்பிப் படிப்பதற்குக் காரணம். ஆனால் அந்த ‘ஏதோ’ காகிதத்தில் கிடைப்பது ஏறத்தாழ நூறு வருஷம் கழித்து, 1696 என்று தேதி போட்ட எடின்பரோ ரெஜிஸ்டர் ஹவுஸ் கையெழுத்துப் பிரதியில். அதுவும் பழைய ஆவணங்களோடு ஆவணமாகக் கிடந்து 1930ல்தான் கண்ணில் பட்டது.

அதில் ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன், உங்கள் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கால் காலோடு, முழங்கால் முழங்காலோடு, நெஞ்சு நெஞ்சோடு, கை கையோடு, காது காதோடு என்று ஐந்து தொடுதல்கள் அதில் வருகின்றன. உங்கள் புத்தகத்தின் மூன்றாம் படியைப் புரட்டினால் இதே ஐந்து இருக்கும், காதுக்குப் பதிலாக முதுகுமேல் கை என்று மாறியிருக்கும், வரிசையும் முன்பின் ஆகியிருக்கும். 1696ல் மூன்றாம் படி என்று ஒன்றே கிடையாது, மொத்தம் இரண்டு படிதான். அப்படியென்றால் யாரோ அந்த ஐந்தையும் பழைய இடத்திலிருந்து எடுத்துப் புதிய இடத்தில் வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் இல்லாத நூலில் ஆசிரியர்களின் கைவேலை தெரிவது இப்படித்தான். செட்வோட் க்ராலி, கெவன் என்று இன்னும் இரண்டு கையெழுத்துப் பிரதிகளும் இதே கேள்வி பதிலை ஏறக்குறைய இதே சொற்களில் தருகின்றன. மூன்றுக்கும் பொதுவாக ஒரு மூலம் இருந்திருக்க வேண்டும், அது நம் கைக்கு வரவில்லை.

இதைவிடப் பழையது வேண்டும் என்கிறவர்கள் ரீஜியஸ் கவிதையைக் காட்டுவார்கள். சுமார் 600 வருஷப் பழசு, 794 வரி, இங்கிலீஷ் செய்யுள், இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ரொம்ப காலம் இதை ‘ஒழுக்கக் கடமைகள் பற்றிய பாட்டு’ என்று பட்டியலில் எழுதி வைத்திருந்தார்கள். 1838 வாக்கில் ஹாலிவெல் என்ற அறிஞர்தான் இது கல்தச்சர் சமாசாரம் என்று கண்டுபிடித்தார், அவர் மேசனே இல்லை. ஆனால் அதில் சடங்கு கிடையாது. தொழில் விதிகள், கணிதம் கண்ட யூக்ளிட், அதெல்ஸ்தான் ராஜா கூட்டிய சபை, கடைசியில் பந்தி ஒழுக்கம்: கை கழுவிவிட்டு உட்கார், துண்டில் மூக்கைச் சிந்தாதே, சாப்பிடும்போது பல் குத்தாதே. இந்தப் பந்தி வரிகள்கூடச் சொந்தமில்லை, அப்போது புழங்கிய வேறொரு செய்யுளிலிருந்து எடுத்தவை. எனக்கு மொத்த விஷயத்திலும் பிடித்தது இந்தப் பகுதிதான். உலகத்தையே ஆளுகிறார்கள் என்று சொல்லப்படும் சங்கத்தின் மிகப் பழைய ஏட்டில் பல் குத்தாதே என்று இருக்கிறது.

கேள்வி: சாலொமோன் ஆலயம் கட்டிய தலைமைச் சிற்பியை மூன்று பேர் சேர்ந்து கொன்றார்கள், மேசன் சடங்கு அந்தக் கதைதான் என்று எங்கள் சபையில் ஒருவர் சொன்னார். பைபிளில் தேடினேன், அப்படி ஒரு கொலையே இல்லையே?
– வாசகி, காரிமங்கலம்

பதில்: சரியாகத்தான் தேடியிருக்கிறீர்கள் அம்மா. முதலாம் இராஜாக்கள் 7ஆம் அதிகாரத்தில் ஈராம் வருகிறான். நப்தலி கோத்திரத்து விதவையின் மகன், தீரு பட்டணத்தான், வெண்கல வேலையில் கெட்டிக்காரன். யாகீன், போவாஸ் என்ற இரண்டு தூண்களை வார்க்கிறான், சாலொமோனுக்குச் செய்த வேலையெல்லாம் முடிக்கிறான், அவ்வளவுதான். கொலை, மறைத்துப் புதைத்த பிணம், தொலைந்துபோன சொல், இதெல்லாம் அச்சில் முதலில் வருவது 1730 அக்டோபரில், லண்டனில் சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் போட்ட ‘மேசன்ரி டிசெக்டட்’ என்ற சின்னப் புத்தகத்தில்.

அதற்கு நாலு வருஷம் முந்தைய ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கிறது, 1726 தேதியிட்ட கிரஹாம் பிரதி. அதைப் படித்தால் கொஞ்சம் திடுக்கிடும். அங்கே செத்துக் கிடப்பது ஈராம் இல்லை, நோவா! சேம், காம், யாப்பேத் மூன்று பேரும் அப்பாவோடு போய்விட்ட ரகசியம் ஏதாவது கிடைக்குமா என்று சமாதிக்குப் போகிறார்கள். விரலைப் பிடித்து இழுத்தால் விரல் கழன்று வருகிறது, மணிக்கட்டைப் பிடிக்கிறார்கள், அதுவும் நிற்கவில்லை, முழங்கைக்குப் போகிறார்கள். கடைசியில் காலோடு கால், முழங்காலோடு முழங்கால் சேர்த்து உடம்பைத் தூக்கி நிறுத்துகிறார்கள். மேலே சொன்ன அதே ஐந்து தொடுதல். அந்தப் பிரதியிலும் ஈராம் இருக்கிறான், ஆலயம் கட்டுகிறான், ஆனால் யாரும் அவனைக் கொல்வதில்லை. 1726ல் நோவாவுக்கு நடப்பது 1730ல் ஈராமுக்கு நடக்கிறது. இரண்டு கதையும் ஏற்கெனவே தனித்தனியாகப் புழங்கியிருக்கலாம், ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கலாம். எப்படியானாலும் சாலொமோன் காலத்திலிருந்து கை மாறாமல் வந்தது என்ற பேச்சுக்கு இடமில்லை.

நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் பார்த்தவர்களுக்கு இது புதிதாகவே தோன்றாது. வியாசருடைய வடமொழிப் பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் சண்டையில் அலம்புசன் என்ற ராட்சசன் கையால் சாகிறான், களப்பலி கிடையாது. பலி தமிழில் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவில் இருக்கிறது, வில்லிபுத்தூராரிடம் இருக்கிறது, அப்புறம் கூத்தில் ஒரு ராத்திரி முழுக்க ஆடுகிற அளவுக்குப் பெருகிவிட்டது. இதை எழுதியது யார் என்று கூத்து வாத்தியாரிடம் கேட்டால் அவர் தன் வாத்தியாரைச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. மேசன்களும் ‘என் லாட்ஜில் எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்’ என்பார்கள், அதுவும் உண்மைதான். சிக்கல் வருவது, அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போய் வரலாறு என்று அச்சடிக்கும்போது. 1723ல் கிராண்ட் லாட்ஜுக்காக விதிப்புத்தகம் எழுதிய ஜேம்ஸ் ஆண்டர்சன் அதைத்தான் செய்தார். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அவர், ஆதாமின் நெஞ்சிலேயே ஜியோமிதி எழுதியிருந்தது என்று சரித்திரத்தை ஆரம்பிக்கிறார்! ஈராம் கதையையும் ஆண்டர்சன்தான் கட்டினார், இல்லை நியூட்டனின் சகாவான தெசாகுலியே கட்டினார் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருவருக்குமே ஆதாரமாக ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

கேள்வி: ரகசியம் என்கிறார்கள், வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்குகிறார்கள், அப்புறம் புத்தகம் எப்படி அச்சானது? லாஜிக் இடிக்கிறதே?
– கல்லூரி மாணவர், தர்மபுரி

பதில்: இடிக்கத்தான் செய்கிறது தம்பி. காட்டிக்கொடுத்தவர்கள் இல்லையென்றால் இந்தச் சடங்குக்கு வரலாறே எழுத முடியாது, அதுதான் இதில் வேடிக்கை. சங்கத்து ஆட்கள் சத்தியத்தைக் காப்பாற்றி எதையும் எழுதிவைக்கவில்லை, அல்லது எழுதியதைக் கொளுத்தினார்கள். நமக்கு வந்து சேர்ந்ததெல்லாம் நினைவுக்காகத் திருட்டுத்தனமாகக் குறித்துவைத்த தாள்களும், காசுக்காகவோ கோபத்திலோ அச்சுக்குக் கொடுத்தவர்களின் புத்தகங்களும்தான்.

பிரிச்சர்ட் புத்தகம் வந்த அந்த அக்டோபரிலேயே மறுபடி மறுபடி அச்சானது. வாங்கியவர்களில் வேடிக்கை பார்ப்பவர்கள் மட்டும் இல்லை, பாடம் ஞாபகமில்லாத மேசன்களும் உண்டு என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட விஷயம். இதைப் படித்துவிட்டு வெளி ஆட்கள் உறுப்பினர் மாதிரி உள்ளே நுழைந்துவிடுவார்களோ என்று பயந்து, முதல் இரண்டு படிகளின் அடையாளச் சொற்களை லண்டன் கிராண்ட் லாட்ஜ் இடம் மாற்றிவைத்தது. அதாவது திருட்டுப் பதிப்பு அசலையே திருத்த வைத்துவிட்டது. கொஞ்ச காலத்தில் ஐரிஷ் ஆட்கள் நிறையப் பேர் சேர்ந்து, நீங்கள் சடங்கைக் கெடுத்துவிட்டீர்கள், பழைய முறை எங்களிடம்தான் இருக்கிறது என்று 1751ல் தனி கிராண்ட் லாட்ஜ் ஆரம்பித்தார்கள். 1717ல் ஆரம்பித்த மூத்த கட்சிக்கு ‘புதியவர்கள்’ என்று பெயர், பின்னால் வந்த கட்சிக்குப் ‘பழையவர்கள்’ என்று பெயர்! லாரன்ஸ் டெர்மட் என்ற அவர்களுடைய செயலாளர் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது, கெட்டிக்கார ஆள். 1760ல் ‘த்ரீ டிஸ்டிங்க்ட் நாக்ஸ்’, 1762ல் ‘ஜாகின் அண்ட் போவாஸ்’ என்று மேலும் இரண்டு காட்டிக்கொடுக்கும் புத்தகங்கள் வந்தன. இரண்டு கட்சியும் எப்படிச் சடங்கு செய்தார்கள் என்று இன்று தெரிவது இவற்றால்தான்.

60 வருஷச் சண்டைக்குப் பிறகு 1813 டிசம்பர் 27ல் சமாதானமானார்கள். ஒரு கட்சிக்கு சஸ்ஸெக்ஸ் பிரபு தலைவர், இன்னொன்றுக்கு அவருடைய அண்ணன் கென்ட் பிரபு, ஆக வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துக்கொண்டார்கள். சடங்கை ஒன்றாக்க ஒரு சமரச லாட்ஜ் வைத்தார்கள், சாமுவேல் ஹெமிங் என்ற பாதிரியார் தலைமை. மூன்று வருஷம் உட்கார்ந்து பாடம் பண்ணி, 1816ல் கிராண்ட் லாட்ஜ் முன்னால் நடித்துக் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். எழுதியவர் என்று ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் இந்தக் குழுவைத்தான் சொல்ல வேண்டும், இன்று இங்கிலாந்து முறையில் நடக்கும் சடங்கின் சொற்கள் பெரும்பாலும் அங்கே உருவானவை. ஆனால் அவர்களும் ஒரு வரி அச்சடிக்கவில்லை! பார்த்தவர்கள் பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். விளைவு என்ன? ‘ஸ்டெபிலிட்டி’ என்று 1817ல் ஒரு பயிற்சி லாட்ஜ், ‘எமுலேஷன்’ என்று 1823ல் இன்னொன்று, இரண்டும் 1816 பாடம் தங்களிடம்தான் சுத்தமாக இருக்கிறது என்கின்றன, இரண்டுக்கும் சொற்கள் வேறு.

எமுலேஷன்காரர்கள் கண்டிப்பு பிரசித்தம். ஒரு சடங்கு முழுவதையும் ஒரு சொல்கூடப் பிசகாமல் நடத்தியவருக்கு வெள்ளித் தீப்பெட்டி பரிசு கொடுப்பார்கள். இன்றைக்கும் உண்டு. அவ்வளவு கண்டிப்பாக இருந்தவர்கள் தங்கள் பாடத்தை அதிகாரபூர்வமாக அச்சிட்டது 1969ல், தொடங்கி 146 வருஷம் கழித்து. இடையில் மனப்பாடம் ஏறாத உறுப்பினர்கள் என்ன செய்வார்கள்? சமரச லாட்ஜ் ஒத்திகைகளில் நேரில் கலந்துகொண்ட ஜார்ஜ் கிளாரட் 1838ல் முக்கியச் சொற்களை மட்டும் விட்டுவிட்டுப் பாடத்தை அச்சடித்து விற்க ஆரம்பித்தார். கண்டித்துப் பேசியவர்களும் வாங்கினார்கள். அதற்கப்புறம்தான் இந்தச் சட்டைப்பை அளவுப் புத்தகங்கள் பெருகின, பாக்கி எல்லாம் அதன் வாரிசுகள். கிருஷ்ணகிரி வாசகரின் புத்தகத்தில் புள்ளிகள் இருப்பதும் அதே ஏற்பாடுதான்: சத்தியத்தை மீறவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், படிக்கவும் செய்யலாம்.

கேள்வி: ஆல்பர்ட் பைக் என்பவர்தான் எல்லாவற்றையும் எழுதினார், அவரே லூசிபரைக் கும்பிடச் சொல்லியிருக்கிறார் என்று வீடியோவில் ஆதாரத்தோடு காட்டுகிறார்களே?
– வாசகர், ஓசூர்

பதில்: பைக் அமெரிக்கர், 1809ல் பிறந்து 1891ல் இறந்தவர். ஸ்காட்டிஷ் ரைட் என்ற தனிப் பிரிவின் மேல்படிகளைத் திருத்தி எழுதினார், மேலே பேசிய மூன்று படிகளோடு அவருக்குச் சம்பந்தம் இல்லை. 1871ல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தின் முன்னுரையிலேயே, இதில் பாதி நான் எழுதியது, பாதி தொகுத்தது என்ற பொருளில் சொல்லிவிடுகிறார். எலிஃபாஸ் லெவி என்ற பிரெஞ்சு மந்திர எழுத்தாளரிடமிருந்து பக்கம் பக்கமாக எடுத்திருக்கிறார். லூசிபர் மேற்கோள் அவருடையதே அல்ல. அவர் செத்த பிறகு பாரிஸில் லியோ டாக்சில் கட்டிவிட்ட சரக்கு. அந்த மனிதர் 1897 ஏப்ரல் 19 அன்று கூட்டம் கூட்டி, இத்தனை வருஷம் நான் சொன்னது அத்தனையும் புளுகு என்று மேடையிலேயே ஒப்புக்கொண்டார். வீடியோக்காரர்கள் அந்தத் தேதிக்கு முன்னாலேயே படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி: இந்த மாதிரிப் பழைய மேசன் புத்தகம் லட்சக்கணக்கில் போகுமாமே?
– வாசகர், பாலக்கோடு

பதில்: போகாது. 1730 பிரிச்சர்ட் முதல் பதிப்பு கையில் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன். 20ஆம் நூற்றாண்டுச் சட்டைப்பைப் பதிப்புகள் ஆயிரக்கணக்கில் அச்சானவை.

கேள்வி: அந்தக் காலத்தில் நம் ஆட்களைச் சேர்த்துக்கொண்டார்களா? எங்கள் கொள்ளுத்தாத்தா 1910களில் மேசன் என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறது, சரிபார்க்க முடியுமா?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் சுலபத்தில் இல்லை. ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்துல் உமரா 1770களிலேயே திருச்சியில் சேர்ந்துவிட்டார். லண்டனிலிருந்து அவருக்கு ஏப்ரனும் அலங்காரமாக பைண்டு செய்த ஒரு புத்தகமும் பரிசாக வந்தன. வந்தது விதிப்புத்தகம்தான், சடங்குப் புத்தகம் நவாப் மகனுக்கும் கிடையாது. சாதாரண இந்துக்களுக்கு இழுபறி இருந்தது. கல்கத்தாவில் பிரசன்னகுமார் தத் என்பவர் வருஷக்கணக்காகப் போராடித்தான் 1872ல் சேர முடிந்தது. உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் இந்திய உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் உறுப்பினராக இருப்பது சகஜமாகிவிட்டது.

இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் வந்தது 1961 நவம்பரில். அதற்கு முன் இங்கே இருந்த லாட்ஜுகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து என்று மூன்றில் ஒன்றின் கீழ் இருந்தன. இங்கிலாந்துப் பிரிவு என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: 1751 முதல் 1921 வரையிலான உறுப்பினர் பதிவேடுகளை ஸ்கேன் செய்து ஆன்செஸ்ட்ரி தளத்தில் போட்டிருக்கிறார்கள், வெளிநாட்டு லாட்ஜுகளும் அதில் அடக்கம். சேர்ந்த தேதி, வயது, தொழில், குடியிருந்த ஊர் என்று வரிசையாக இருக்கும். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாதீர்கள், இன்ஷியலை விட்டும் சேர்த்தும் போட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், கிருஷ்ணகிரியே பழைய ஏடுகளில் ‘கிஸ்ட்னகெரி’ என்றுதான் இருக்கும். முதலில் பெங்களூர், சேலம், மெட்ராஸ் லாட்ஜுகளின் பக்கங்களை வருஷவாரியாகப் புரட்டுங்கள், பெயரை அப்புறம் பொருத்திக்கொள்ளலாம்.